மூணு தடவை இடிச்ச கம்பம்

— நீச்சல் குளத்துல கிளட்ச் எங்கேர்ந்துப்பா வந்துச்சு?

— கிளட்ச்னா சொன்னேன்?

— "கிளட்சை மெதுவா விடணும், அவங்களுக்கு முதல்ல அதுதான் வரல"ன்னு சொன்னீங்க. உங்க கதாநாயகன் நீச்சல் வாத்தியார்னுதானே ஆரம்பிச்சீங்க.

— வாய் தவறிடுச்சு கண்ணு. முப்பது வருஷமா கார் ஓட்டக் கத்துக் கொடுக்கிற வாய். எழுதும்போது மாத்திக்கிறேன்.

— மாத்த வேண்டாம். அவரும் உங்களை மாதிரி டிரைவிங் ஸ்கூல்ல இருக்கிறவராவே இருக்கட்டும். தெரிஞ்ச தொழிலை எழுதினா பொய் குறையும்.

— நாடகம் பாக்கிறவங்க என்னைத்தான் சொல்றேன்னு நினைச்சுக்குவாங்களே.

— நினைக்கட்டுமே. நான் எழுதுற சீரியல்ல வர்ற மாமியார் தான்தான்னு நினைச்சுக்கிட்டு நம்ம சொந்தத்துல பாதிப் பேர் என்கூடப் பேசுறதில்ல. நான் என்ன இளைச்சா போயிட்டேன்? சொல்லுங்க சொல்லுங்க.

— உனக்கு இன்னைக்கு எபிசோடு எழுதிக் கொடுக்கணுமே?

— அது சாயங்காலம் கொடுத்தா போதும். முதல்ல அந்தத் துணியைக் கீழ வைங்க. வந்ததுலேர்ந்து ஒரே சட்டையைத்தான் மடிக்கிறீங்க, பிரிக்கிறீங்க. உங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நாடகம், உங்களை எழுதச் சொல்லிட்டாங்க. சரி. கதையில யார் யாரு?

— விஷயம் என்னன்னா, ஒருத்தர். பொண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு. அப்புறம் ஒரு அம்மா, மருந்துக்கடை வச்சிருக்காங்க. அவங்களுக்கும் வீட்ல யாருமில்ல. ஐம்பதைத் தாண்டினப்புறம் கார் ஓட்டக் கத்துக்கணும்னு வர்றாங்க.

— ம்.

— அவருக்கு அவங்களைப் புடிச்சுப் போச்சு.

— அதை எப்படிக் காட்டுவீங்க?

— காட்டுறதென்ன, அவர் மேடைக்கு முன்னாடி வந்து நின்னு, "எனக்கு இவங்களைப் புடிச்சிருக்கு"ன்னு சொல்லுவார்.

— ஐயோ அப்பா. சொன்னா அது செய்தி. காட்டினாத்தான் நாடகம். வாயைக் கட்டிப் போட்டுட்டு, அவர் என்ன செய்வார்னு யோசிங்க.

— என்ன செய்வார்... அவங்க வர்ற அன்னைக்கு மட்டும் சீட்டைத் தொடைச்சு வைப்பார்.

— பாத்தீங்களா, எவ்வளவு அழகா வருது. இன்னும்?

— கத்துக் கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமில்ல? வேற யார் ஓட்டினாலும் அவர் கால் அதுமேலேயேதான் இருக்கும். அவங்க ஓட்டும்போது மட்டும் காலைப் பின்னால மடக்கிக்கிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு வருவார்.

— அப்பா.

— என்ன?

— ஒண்ணுமில்ல. இப்படி ஒண்ணு எனக்குத் தோணியிருந்தா நான் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பேன்.

— அப்படியா? அப்ப அந்த இடத்துல மழை ஒண்ணு பெய்ய வைக்கலாமா? மனசு குளிர்ந்துச்சுன்னு காட்ட.

— மழையை எங்க டைரக்டர் வாராவாரம் பெய்ய வைக்கிறார், பாக்கிறவங்களுக்கு ஜலதோஷமே புடிச்சுடுச்சு. மடக்கின கால் போதும். மேல சொல்லுங்க.

— ஆனா பாரு, அவ்வளவு நல்லா ஓட்டுறவங்க டெஸ்ட்டுல மட்டும் பெயில். ரிவர்ஸ்ல வந்து ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிறுத்தணும். மூணு டெஸ்ட்டுலயும் அதே சிவப்புக் கம்பத்துல இடிச்சுட்டாங்க. முதலாளிகூட, "உங்க கைராசி எங்கேய்யா போச்சு"ன்னு கிண்டல் பண்றார். பாவம் கண்ணு, பதட்டம் அவங்களுக்கு.

— கடையில அவங்க என்ன வேலை பாக்கிறாங்க?

— எல்லாம்தான். டாக்டருங்க கிறுக்கித் தர்ற சீட்டைப் படிச்சு மருந்தெடுத்துக் கொடுப்பாங்க. ஒரு மாத்திரை மாறினதில்ல.

— டாக்டர் கையெழுத்தையே படிக்கிற கண்ணுக்கு, ஆள் உயரத்துல நிக்கிற சிவப்புக் கம்பம் தெரியலையா?

— அதான் சொன்னேனே, பதட்டம்.

— அவர் பக்கத்துல இருக்கும்போது இடிச்சிருக்காங்களா?

— ஒரு நாளும் இல்ல. பூ வைக்கிற மாதிரி கொண்டுபோய் நிறுத்துவாங்க.

— சரி, டெஸ்ட்டுல பெயில் ஆனா என்ன ஆகும்?

— அடுத்த டெஸ்ட் வரைக்கும் மறுபடி கிளாசுக்கு வரணும்.

— யார்கிட்ட?

— அவர்கிட்டதான்.

— ம்.

— இரு இரு. வேணும்னேவா?

— வாய் ஒண்ணு சொல்லி, செய்கை வேற ஒண்ணு சொன்னா, செய்கையைத்தான்பா நம்பணும். எதிர்ல உட்கார்ந்து பாக்கிற அத்தனை பேருக்கும் அது புரிஞ்சுடும். மேடையில நிக்கிற அந்த மனுஷனுக்கு மட்டும் புரியாது. "யோவ், கொஞ்சம் திரும்பிப் பாருய்யா"ன்னு கத்தணும்போல இருக்கும். அந்தத் தவிப்புக்காகத்தான் ஜனங்க எழுந்து போகாம உட்கார்ந்திருக்கிறதே.

— ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து, "மன்னிச்சுக்குங்க மாஸ்டர், உங்க பேரைக் கெடுத்துட்டேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. நான் என்னவோ, அழுகையை அடக்கத்தான் சிரிக்கிறாங்கன்னு நினைச்சு, தண்ணி பாட்டிலைக் கொடுத்தேன்.

— யாரு கொடுத்தது?

— அவர். அவர் கொடுத்தார்.

— நல்ல மனுஷன். அவர் ஏன் இன்னும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல?

— பொண்ணு இருக்காளே.

— அவ என்ன பண்ணா?

— கோவிச்சுக்குவா. "எங்கம்மா இடத்துல இன்னொருத்தியா"ன்னு கேட்டுட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவா. நாடகத்துல வேற எதுவும் எனக்கு எழுத வரல கண்ணு, அந்த ஒரு காட்சி மட்டும் தினம் தினம் மனசுல தானா ஓடுது.

— அவகிட்ட கேட்டுப் பாத்தாரா?

— கேக்கல.

— கேக்காமலே அவளுக்கும் சேர்த்து வசனம் எழுதி வச்சுட்டார். எங்ககிட்ட புதுசா வர்ற பசங்க பண்ற தப்பே இதுதான். தனக்கு இருக்கிற பயத்தையெல்லாம் அடுத்தவங்க வாயில திணிக்கிறது. அவளைப் பேச விடுங்கப்பா.

— பேச விட்டு, அவ அழுதுட்டான்னா?

— அழுவாதான். அம்மான்னா இப்பவும் அழறவதானே. அழுதா வேண்டாம்னு அர்த்தமா?

— விஷயம் என்னன்னா கண்ணு...

— சொல்லுங்க.

— நாளைக்கு டெஸ்ட். இந்தத் தடவை தேறிட்டாங்கன்னா, அப்புறம் அவங்க என்கிட்ட வர்றதுக்கு ஒரு காரணமும் இல்ல. நானும் எத்தனை நாளைக்குத்தான் தலைவலின்னு கடைக்குப் போய் நிக்கிறது?

— அதான் அலமாரி பூரா தலைவலி மாத்திரையா?

— கிண்டல் பண்ணாத. ஆண்டு விழாவும் இல்ல, நாடகமும் இல்ல. அது நான்தான்.

— தெரியும்பா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களுக்குச் சோறாவது கொஞ்சம் நிறைய வேணும். தண்ணியைக் கண்டாலே ஓடுற நீங்க நீச்சல் வாத்தியாரா?

— உங்கம்மாவை நான் மறக்கல கண்ணு. அவ இருந்த இடம் அப்படியேதான் இருக்கு, அதுல யாரும் உட்கார முடியாது. இது வேற இடம். இப்படி ஒரு இடம் எனக்குள்ள இருக்குன்னு எனக்கே தெரியாது. சரியாச் சொல்ல வரல.

— இதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது. இதுல நான் ஒரு எழுத்தைத் தொட மாட்டேன்.

— அழறியா?

— அழுதா என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லன்னு இப்பதானே சொன்னேன்.

— எனக்கு அர்த்தமெல்லாம் வேணாம். உனக்குச் சம்மதமா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லு. மூணு தடவை இடிச்சதே புரியாத ஆளுக்கு நீ குறிப்பால சொன்னா எங்கேர்ந்து புரியும்?

— சம்மதம்பா. ரொம்பச் சந்தோஷமா, மனசாரச் சம்மதம். போதுமா? போனை எடுங்க, அவங்ககிட்டயும் இதே மாதிரி சொல்லிடுங்க.

— இப்பவேவா? நாளைக்கு டெஸ்ட்டை வச்சுக்கிட்டு அவங்க மனசைக் கலைக்கக் கூடாது. நல்லபடியா தேறட்டும், அப்புறமா சொல்றேன்.

— நீங்க சொல்லலைன்னா நாளைக்கும் அந்தக் கம்பத்துக்கு ஒரு இடி நிச்சயம்.

— அதை எப்படி நீ அவ்வளவு உறுதியாச் சொல்ற?

— முதல் டெஸ்ட்டுல அவங்க இடிச்சது நிஜமான பதட்டம்தான்பா. அன்னைக்குச் சாயங்காலம் நேரா என்னைத் தேடி வந்து, "உன் அப்பாவை எனக்குப் புடிச்சிருக்கும்மா, உனக்குச் சம்மதமா"ன்னு கேட்டாங்க. அந்த மனுஷன் தானா வாயைத் திறக்கிற வரைக்கும் தேறிடாதீங்கன்னு சொல்லி அனுப்பினதே நான்தான்.