முதல் மேஜை ரசிகர்

— பாரு மச்சான், இந்தக் காப்பிக் கடைப் பாட்டுக்காரப் பொண்ணு மறுபடியும் நின்னுட்டா! ஜோரா மேல ஏறிக்கிட்டிருந்த பாட்டு. நடுவுல டக்குனு நிறுத்திட்டு, கிடாரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு சுவரைப் பார்க்குறா.

— அத்தான், முதல்ல மேஜையைத் துடைங்க. நீங்க அது மேல தட்டின தட்டுல பாதி காப்பியை என் சட்டைதான் குடிச்சிருக்கு.

— அது ரசனைடா! பாட்டு நல்லா இருந்தா என் கை சும்மா இருக்காது. போன சனிக்கிழமை நான் தட்டின தட்டுல, எதிர்த்த தையல் கடையில நாலு மிஷின் தானா ஓட ஆரம்பிச்சிருச்சாம்.

— ஓடியிருக்கும், ஓடியிருக்கும். வாங்க, பின்னாடி மேஜைக்குப் போயிடலாம்.

— எதுக்கு? மூணு மாசமா இந்த முதல் மேஜையில உட்கார்ந்து கலையை வளர்க்குறவன் நான். என்னைப் பார்க்காம அவளுக்குப் பாட்டு வருமா?

— உங்களைப் பார்த்தாத்தான் வரமாட்டேங்குது. இப்ப காப்பி வாங்கப் போனப்ப கடைக்காரம்மா யாருக்கோ போன்ல சொல்லிக்கிட்டிருந்தாங்க. இன்னிக்கு இன்னொரு தடவை பாட்டு நடுவுல நின்னா, அடுத்த வாரத்துலேர்ந்து இவ இடம் மேஜிக் காட்டுறவருக்காம்.

— மேஜிக்கா! காப்பியில முயல் முடி மிதக்கும்டா! பாவம், பொண்ணுக்குத் தைரியம் பத்தல. நான் ரெண்டு வார்த்தை சொன்னா சரியாயிடும். ஏம்மா, பாட்டுக்காரம்மா! கொஞ்சம் இப்படி வாம்மா.

— வந்துட்டேன் சார். வணக்கம் சார்.

— ஏன் பயப்படுறே? நான் உன் ரசிகன்மா. முப்பத்தோரு வருஷம் டிரைவிங் லைசென்ஸுக்கு வர்றவங்களுக்கு டெஸ்ட் வெச்சவன். இந்த ஊர்ல ஸ்டியரிங் பிடிக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் என்கிட்ட பாஸானவங்க.

— தெரியும் சார். மிச்சம் கால்வாசியில நான் ஒருத்தி. நாலு தடவை ஃபெயில் சார்.

— போச்சு. அத்தான், அவ ஏன் சுவரைப் பார்க்குறான்னு இப்ப புரியுதா?

— நீ சும்மா இருடா. நாலெல்லாம் ஒரு கணக்கா? பதினாறு தடவை ஃபெயிலாகி, கடைசியில குதிரை வாங்கிட்டுப் போனவன் இருக்கான். சரிம்மா, அதுக்கும் பாட்டு நிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

— நீங்க டாஷ்போர்டுல ஓங்கித் தட்டினா, அந்த நொடியே வண்டி நிக்கணும்னு சொல்லியிருந்தீங்க சார். அது உடம்புல ஊறிப்போச்சு. இப்ப நீங்க மேஜையில தட்டினாலும் கால் தானா பிரேக்கைத் தேடுது. காலுக்கு முன்னாடி தொண்டை நின்னுடுது.

— ஆகா! கேட்டியா மச்சான்? ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, என் சடன் பிரேக் இன்னும் வேலை செய்யுது!

— உங்க பிரேக்குல அவ பிழைப்பு நிக்கப் போகுது. பெருமைப்படுறதை விட்டுட்டு ஒரு வழி பண்ணுங்க. கடைக்காரம்மா இங்கேயே பார்க்குறாங்க.

— பண்ணிட்டாப் போச்சு. இதோ, ரெண்டு கையையும் கீழ வெச்சு அது மேலேயே உட்கார்ந்துட்டேன். பூகம்பமே வந்தாலும் எடுக்க மாட்டேன். காப்பியை நீ ஊட்டிவிடு மச்சான். போம்மா, போய் அந்தப் பாட்டை முழுசாப் பாடு.

— ரொம்ப நன்றி சார்.

— ஒரு நிமிஷம். மனசு கேக்கல. இவ்வளவு சுத்தமா நிறுத்துறியே, ஒரு இம்மி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகராம! அன்னிக்கு இப்படி வண்டியை நிறுத்தியிருந்தா முதல் தடவையே பாஸ் போட்டிருப்பேனேம்மா.

— அன்னிக்கும் இப்படித்தான் நிறுத்தினேன் சார். நாலு தடவையும்.

— அப்புறம் எதுக்கு ஃபெயில் போட்டேன்?

— "காரணமே இல்லாம நடு ரோட்டுல வண்டியை நிறுத்தினார்"னு எழுதினீங்க சார். நீங்க டாஷ்போர்டுல தட்டினது, கார் ரேடியோவுல ஓடின பாட்டுக்குத் தாளமாம்.