குளவி கொட்டியவருக்கு வந்த சாமி

"டிரஸரு ஊசி போட்டாரு, எங்க வூட்டுக்காரருக்குச் சாமி வந்துடுச்சுக்கா."

ஈப்போ போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த ரப்பர் தோட்டத்துப் பெண் இதைச் சொல்லிச் சிரித்தாள். கணவனை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரப் போகிறாளாம். பக்கத்திலிருந்தவள் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள்.

"என்னாடி சொல்றே?"

"பால் வெட்டுறப்ப குளவி கொட்டிடுச்சு. மூஞ்சி வீங்கி, மூச்சே வரல. தோட்டத்துக் கிளினிக்குல மருந்து குடுக்கிற டிரஸரு ஓடியாந்து வெளித்தொடையில அட்ரினலின் ஊசி போட்டாரு. மூச்சு வந்துச்சு, ஆனா கையும் காலும் கிடுகிடுன்னு ஆடுச்சு. என் மாமியா, 'சாமி வந்துடுச்சு'ன்னு வேப்பிலையோட எழுப்பி நிறுத்தப் போனாங்க."

"ஐயோ. டிரஸரு பாத்துக்கிட்டா நின்னாரு?"

"கத்துனாருக்கா. 'நடுக்கம் மருந்தால வர்றது, தானா அடங்கும். இப்ப எழுப்புனா உசுரு போயிடும். படுக்க வச்சே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், திரும்பவும் மூச்சு முட்டலாம்'னாரு. யாரு கேட்டா? மாமியா கையைக் கூப்பி, 'சாமி, என்னா வேணும் சொல்லு'ன்னாங்க."

"அப்புறம்?"

"இவரு மெதுவா வாயைத் தொறந்து, 'டிரஸரு சொல்றபடி செய்யுங்க'ன்னாரு. சாமி உத்தரவாச்சேக்கா. மாமியாவே லாரியில பாயை விரிச்சிட்டாங்க."