பின்பக்கத்துக்கு வயர் வேண்டாம்

சரோஜம்: இழுக்கட்டா?

ரெஷ்மா: நில்லுங்க மாமி... நான் சொன்ன பெறவு.

சரோஜம்: கை கடுக்குது மக்களே. டிரைவர் சீட்டுல நீ, நடுவுல நான், எடையில இந்தப் பைப்பு. பாம்புக்க வாலப் பிடிச்சிட்டு நிக்கிய மாதிரி இருக்கு.

ரெஷ்மா: இப்ப இழுங்க. பைய... பைய... வயருக்க தோலு உரியப்பிடாது.

சரோஜம்: வருது... வருது... ஆ, நிண்ணு போச்சு.

ரெஷ்மா: வளைவுல மாட்டியிருக்கும். விடுங்க, இன்னொருக்கா.

சரோஜம்: கொஞ்சம் உரிஞ்சா என்ன? பைப்புக்குள்ளதான கிடக்கு.

ரெஷ்மா: மாமி, இது கல்லுவீடு இல்ல, பஸ்ஸு. நாலு பக்கமும் தகரம். இன்வெர்ட்டர்லேந்து வாறது வீட்டுக் கறண்டாக்கும். எங்கயாவது ஒரு இடத்துல கம்பி தகரத்த தொட்டுதுண்ணு வையுங்க, பஸ்ஸு மொத்தமும் கறண்டு. படியில கால வைக்கிய ஆளு அங்ஙனயே...

சரோஜம்: செரி, செரி. குடியேறப்போற வீட்டப் பத்தி அப்பிடிச் சொல்லாத. இந்தா, இழுத்தாச்சு.

ரெஷ்மா: நல்லது. இனி மீட்டர்ல சிவப்பு முனைய வயர்ல வையுங்க, கறுப்ப தகரத்துல. கீச்சுண்ணு சத்தம் வந்தா ஆபத்து.

சரோஜம்: கீச்சுண்ணுதே!

ரெஷ்மா: காட்டுங்க... இஞ்ச பாருங்க, தகரத்துல ஓட்ட போட்ட இடத்துல ரப்பர் வளையம் இல்ல. விளிம்பு தோலச் சீவிட்டு. நல்லவேள... இத மாத்தணும்.

சரோஜம்: இம்புட்டு கூர்மையா இருக்கு!

ரெஷ்மா: எனக்க தப்பு. வளையம் போட்டுட்டு இழுத்திருக்கணும்... ம், இந்த வயரப் பிடிங்க. இழுங்க. இப்ப வச்சுப் பாருங்க.

சரோஜம்: சத்தமே இல்ல.

ரெஷ்மா: அது போதும். அடுத்தது பின்பக்கம். உங்க கட்டிலுக்கு ஒரு ஃபேனும் லைட்டும்.

சரோஜம்: பின்பக்கத்துக்கு வயர் வேண்டாம்.

ரெஷ்மா: எதுக்கு?

சரோஜம்: முன்னால ஒரு ஃபேன், ஒரு லைட். அடுப்பாங்கரையில ஒண்ணு. மதி, அது போதும்.

ரெஷ்மா: அப்ப நீங்க வேர்த்து வடிஞ்சு கிடப்பீங்களா?

சரோஜம்: ஸ்கூல் பஸ்ஸுல்லா... எத்தன ஜன்னல்! நெய்யாற்றின்கரைக் காத்து மொத்தமும் உள்ள வரும்.

ரெஷ்மா: கொசுவும் வரும். வயலுக்க நடுவுலயாக்கும் நிக்கோம்.

சரோஜம்: என்னையக் கடிச்ச கொசு பொழைக்காது.

ரெஷ்மா: தமாசு வேண்டாம் மாமி.

சரோஜம்: பேட்டரி தாங்காதுண்ணு சொல்லுதேன். வீட்டு நம்பர் இல்லாததுனால கறண்டு போஸ்ட்டுலேந்து லைன் தரமாட்டாவ. மேல இருக்கியது ரெண்டு சோலார் பலக. மழக்காலத்துல என்ன செய்வ?

ரெஷ்மா: கணக்கு பாத்தாச்சு. மழையிலயும் தாங்கும்.

சரோஜம்: ம்... சுஜின் தந்த பலகதான. தாங்கும், தாங்கும்.

ரெஷ்மா: டேப்ப எடுங்க.

சரோஜம்: அவனுக்க எலக்ட்ரிக் கடையில நீ வேலைக்குச் சேர்ந்த அன்னையிலேந்து ஒரு சொல்லு ஏசியிருக்கானா?

ரெஷ்மா: கறுத்த டேப்பு மாமி. நீங்க சிவப்ப எடுத்திருக்கீங்க.

சரோஜம்: கேட்டதுக்குப் பதில் இல்ல.

ரெஷ்மா: ஏசுறதுக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்?

சரோஜம்: அதுவும் செரிதான்... லிபின் இருந்திருந்தா இந்த பஸ்ஸ தட்டுக்கட ஆக்கியிருப்பான்.

ரெஷ்மா: பொன்முடி ரோட்டுல நிறுத்தணும், மல ஏறப் போற ஆளெல்லாம் எறங்கி சாயா குடிக்கணும்ணு... தெனமும் சொல்லுவாரு.

சரோஜம்: ஏலத்துல எடுத்துட்டு வந்த அன்னைக்கு எனக்க பிள்ளைய நான் ஏசின ஏச்சு! எஞ்சின் இல்லாத பஸ்ஸ எவனாவது வாங்குவானாண்ணு... அமரவிளையில அந்த லாரி மட்டும் வராம இருந்தா...

ரெஷ்மா: மாமி.

சரோஜம்: இல்ல, அழல்ல. சும்மா சொன்னேன்.

ரெஷ்மா: ம்.

சரோஜம்: வாடக வீட்ட விட்டு எறங்கச் சொன்னப்ப நான் பயந்துட்டேன். நமக்குள்ளது இந்த வயலு மட்டுந்தான். வயலுண்ணு பதிஞ்ச இடத்துல வீடு கெட்ட முடியாது. நீயாக்கும் கேட்ட, "மாமி, பஸ்ஸ நிறுத்துறதுக்கு ஆருகிட்டக் கேக்கணும்?"ண்ணு. அவன் போன பெறவு நான் மொதமொத சிரிச்சது அன்னைக்கு.

ரெஷ்மா: நல்லா சிரிச்சீங்க. இப்ப அந்தக் கட்டில கொஞ்சம் நகத்துங்க. பின்பக்கம் பைப்பு அடிக்கணும்.

சரோஜம்: வேண்டாம்ணு சொன்னேம்லா!

ரெஷ்மா: உண்மையச் சொல்லுங்க. ஏன் வேண்டாம்?

சரோஜம்: நான் மார்த்தாண்டத்துக்குப் போறேன். எனக்க கூடப் படிச்ச சுசீலாபாயிக்க வீட்டுக்கு. அவளுக்கு முட்டு வலி, நடக்க வய்யாது. பிள்ளைங்க எல்லாம் கல்ஃபுல. கூட இருக்க ஒரு ஆளு வேணும்ணு கூப்பிட்டா.

ரெஷ்மா: எத்தன நாளைக்கு?

சரோஜம்: துணியெல்லாம் எடுத்துட்டுப் போறேன்.

ரெஷ்மா: ...நான் என்ன செஞ்சேன்?

சரோஜம்: ஐயோ, நீ ஒண்ணும் செய்யல்ல மக்களே. அதுவாக்கும் சங்கடம். லிபின் கூட எறங்கி வந்த அன்னைக்கு உனக்க வீட்டுல கதவ அடச்சாவ. அவன் செத்தப்பவும் திறக்கல்ல. பெறவும் நீ என்னைய விட்டுட்டுப் போவல்ல. சின்ன வயசு உனக்கு. இந்தக் கட்டில்ல நான் கிடந்தா எந்த ஆம்பள இந்தப் படியில கால வைப்பான்?

ரெஷ்மா: எந்த ஆம்பள?

சரோஜம்: பொதுவாட்டு சொன்னேன்.

ரெஷ்மா: பொதுவாட்டு.

சரோஜம்: ஓ.

ரெஷ்மா: அந்தப் பொதுவான ஆளு ஞாயிற்றுக்கெழம சர்ச்சு விட்ட பெறவு அக்காளக் கூட்டிட்டு வாறாருல்லா?

சரோஜம்: ...ஆரு சொன்னா?

ரெஷ்மா: நீங்க கடைக்குப் போயி சுஜின்கிட்ட எனக்க கல்யாணத்தப் பத்தி பேசிட்டு எறங்கினீங்க. சாயங்காலம் எனக்கிட்ட வந்து நிண்ணாரு.

சரோஜம்: சொல்லாண்டாம்ணு சத்தியம் வாங்கினேனே!

ரெஷ்மா: பாவம், அவரால மறைக்க முடியல்ல. ஸ்குரூ டிரைவர் கேட்டா மீட்டரத் தாறாரு. என்ன ஆச்சுண்ணு நானாக்கும் கேட்டேன்.

சரோஜம்: நீ வேண்டாம்ணு சொல்லிட்டியா? எனக்காண்டி வேண்டாம்ணு சொல்லியிருந்தா, சத்தியமா நான்...

ரெஷ்மா: ஒண்ணும் சொல்லல்ல. யோசிக்கணும்ணு சொன்னேன். வீட்டுக்கு வந்து லிபினுக்க ஃபோட்டோவப் பாத்தேன். அழுக வந்துது... பின்ன நிண்ணுது. அது நிண்ணதுதான் மாமி எனக்குத் தாங்க முடியல்ல.

சரோஜம்: எனக்கும் அப்பிடித்தான். அழாம ஒரு நாள் போச்சுண்ணா, அவனுக்கு ஏதோ தப்பு செஞ்சது மாதிரி...

ரெஷ்மா: ம்.

சரோஜம்: ஆனா தப்பில்ல மக்களே. நான் யோசிச்சுப் பாத்தாச்சு. தப்பில்ல.

ரெஷ்மா: அப்ப நீங்க ஏன் போவணும்?

சரோஜம்: அவனுக்க அக்கா வரும்போ நான் இங்ஙன நிண்ணா என்ன நினைப்பா? மருமொவளுக்கு மாப்பிள்ள பாக்கிய மாமியாளுண்ணு ஊரு சிரிக்கும். உனக்காக்கும் கொறச்சல். ஞாயிறு காலையிலயே நான் பஸ்ஸு ஏறிருவேன்.

ரெஷ்மா: ஏற முடியாது.

சரோஜம்: அது என்ன முடியாது?

ரெஷ்மா: நேத்து அவருக்க அக்கா ஃபோன்ல கூப்பிட்டாவ. பெண்ணு பாக்க எந்த வீட்டுக்கு வரணும், பெண்ணுக்க பக்கம் ஆரு பேசுவாண்ணு கேட்டாவ.

சரோஜம்: அய்யோ... நீ என்ன சொன்ன?

ரெஷ்மா: வயலுல நிக்கிய மஞ்ச பஸ்ஸுதான் எங்க வீடு, எனக்க அம்மைக்குப் பேரு சரோஜம், எல்லாம் அவியகிட்டப் பேசிக்கிடுங்கண்ணு சொன்னேன்.