ஒன்பது காபி, ஆறு டீ

அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்க முடியும் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை, ஐயா. மற்றபடி அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி எதுவென்றாலும் எங்கள் கட்டடத்தில் என்னைத்தான் கேட்பார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். மூன்று தேர்தல்களாக மோட்டார் அறைச் சுவரில் அந்த நாட்டு வரைபடத்தை ஒட்டி, சிவப்பும் நீலமுமாகப் பென்சிலால் தீட்டிவருகிறேன். அங்கே இரவில் எண்ணும்போது இங்கே பகல். முடிவுகள் சரியாக எங்கள் காலை டீ நேரத்துக்கு வரும். ஆறாம் மாடி கேண்டீனில் என்னைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். என் மனைவிகூட போன் செய்து, "யாருங்க முன்னால போறது?" என்பாள்.

இந்த முறை என் சகலையும் இருந்தான். மனைவியின் தங்கை கணவன். வேலையில்லாமல் இருந்தவனை நான்தான் எனக்கு உதவியாகச் சேர்த்துவிட்டேன். தேர்தலுக்கு முந்தைய வாரம் கேண்டீன் சமையல்காரர் அதே கேள்வியைக் கேட்டார். "அது அவங்க சட்டம்" என்றேன். சகலை எழுந்துவிட்டான்.

"இருங்கண்ணே. இங்க மூணு மேசை. ஒவ்வொண்ணும் ஒரு மாநிலம்னு வச்சுக்கங்க. மேசைக்கு அஞ்சு பேர். ஒரு மேசையில எது ஜாஸ்தியோ, மொத்த மேசையும் அதுக்குத்தான். முதல் ரெண்டு மேசையிலயும் மூணு பேர் டீ, ரெண்டு பேர் காபி. மூணாவதுல அஞ்சு பேரும் காபி. மொத்தம் எத்தன காபி?"

"ஒம்பது."

"டீ ஆறுதான். ஆனா ரெண்டு மேசை டீயோடது. அதனால எல்லாரும் டீ குடிங்க."

கேண்டீனே சிரித்தது. சமையல்காரர் என் தோளைத் தட்டினார். "நீங்க இத்தன வருஷமா எங்களப் படியில ஏத்துனீங்க. தம்பி லிஃப்ட்ல கொண்டுபோய் விட்டுட்டாரு."

நானும் சிரித்தேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது.

எண்ணிக்கை நாளன்று காலை மனைவி போன் செய்தாள். "தம்பிகிட்ட குடுங்களேன். அவரு சொன்னாத்தான் வெளங்குது." கொடுத்தேன். பதினேழு நிமிடம் பேசினார்கள். பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எதற்கும் ஒரு வரிசை உண்டல்லவா?

அன்று ஒரு வேலை இருந்தது. லிஃப்டுக்கு அடியில் இடுப்பளவுக் குழி உண்டு. அங்கே வேலை செய்பவர் பெட்டி இறங்காமலிருக்க அழுத்திவைக்கும் பொத்தான் பழுதாகியிருந்தது. அதை மாற்ற வேண்டும். பொத்தான் இல்லாதபோது காப்பாற்றுவது மோட்டார் அறையிலுள்ள பிரதான சுவிட்ச் மட்டும்தான். குழியில் இறங்குகிறவன் தன் கையாலேயே அதை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சகலைக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

சகலைக்கு அவசரம். "பெரிய மாநிலம் ஒண்ணோட முடிவு வரப்போகுதுண்ணே. மேல எல்லாரும் எனக்காகக் காத்திருக்காங்க. பூட்ட நீங்களே போய் மாட்டிடுங்க, நான் குழியில இறங்கி சட்டுனு முடிச்சிடுறேன்." அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு, சாவி தேவையில்லை. பூட்டை என்னிடம் கொடுத்தான். நான் மேலே போய்ப் பூட்டிவிட்டு, "பூட்டியாச்சு, இறங்கு" என்று போனில் சொன்னேன். பூட்டியது உண்மை.

முடிவு வந்ததும் அவனைக் கூட்டிவர கேண்டீனிலிருந்து ஏழு பேர் லிஃப்டில் ஏறினார்கள். அவ்வளவு ஆசை அவன்மேல். தரைத்தளப் பொத்தானை அழுத்தியது அவர்கள்தான், நானல்ல.

சுவிட்சில் பூட்டு தொங்குகிறது, சாவி அவன் சட்டைப்பையில் கிடந்தது, பிறகு பெட்டி எப்படி இறங்கியது என்று மூன்று நாளாகக் குழம்புகிறீர்கள். எளிமையாகச் சொல்கிறேன், ஐயா. பூட்டு எதையும் அணைக்காது. கைப்பிடி இருக்கிற நிலையிலேயே அதைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அது பழைய சுவிட்ச். கைப்பிடி மேலே இருந்தாலும் பூட்டலாம், கீழே இருந்தாலும் பூட்டலாம். கீழே இழுத்தால் மின்சாரம் நிற்கும். நான் மேலேயே வைத்துப் பூட்டினேன்.