பத்து பாகாட் தனலெட்சுமி

செல்லப்பன்: அந்தப் பத்து பாகாட் ஊர்க்காரி தனலெட்சுமி மட்டும் என் கையில மாட்டட்டும்...

புஷ்பவள்ளி: வந்ததும் வராததுமா யாருங்க அது?

செல்லப்பன்: டிவி பார்க்கலியா நீ? தினம் காலை நிகழ்ச்சிக்கு ஃபோன் போட்டு நம்ம பொண்ணு லோஷினிய வறுத்தெடுக்குறாளே! ஜலதோஷம் பிடிச்ச மாதிரி ஒரு குரலு வேற! பதினாறு வருஷமா அறிவிப்பாளர் ஷர்மைன் உட்கார்ந்த சீட்டு. நம்ம புள்ள போய் உட்கார்ந்து ரெண்டு வாரம்கூட ஆகல...

புஷ்பவள்ளி: ஷர்மைன் இல்லாத காலை நிகழ்ச்சி உப்பில்லாத சாம்பார்னு சொன்னது யாரு?

செல்லப்பன்: அது... நம்ம பொண்ணு அங்க போறதுக்கு முன்ன லா!

புஷ்பவள்ளி: சரி, என்னதான் சொன்னா அந்தம்மா?

செல்லப்பன்: நம்ம புள்ளைக்கு முடி கண்ணுல விழுதாம். ஃபோன் பண்றவங்களப் பேச விடாம "ஓகே, ஓகே"ன்னு வெட்டுறாளாம். அலமாக், என்னா வாய்! இன்னிக்கு மீட்டிங், புஷ்பா. புள்ளய வெச்சுக்கறதா, அனுப்புறதான்னு. இவ பேச்சைக் கேட்டு அனுப்பிட்டா?

புஷ்பவள்ளி: அதான் சிம்பாங் ரெங்கம் ஐயாசாமி இருக்காரே. தினம் ஃபோன் போட்டு, "தங்கம், வைரம்"ங்கிறாரு.

செல்லப்பன்: ஆமா... நல்ல மனுஷன் போல.

புஷ்பவள்ளி: ரொம்ப நல்லவரு. அவர் பேசுறப்பல்லாம் பின்னால பஸ் ரிவர்ஸ் எடுக்குற சத்தம்...

செல்லப்பன்: ஏன், சிம்பாங் ரெங்கத்துல பஸ் ஓடாதா?

புஷ்பவள்ளி: ஓடும். அதுல பாசிர் கூடாங் ஃபேக்டரி பஸ் ஓட்டுற என் புருஷன் இருமுவாரா?

செல்லப்பன்: ஐயோ... கண்டுபிடிச்சிட்டியா? எப்ப?

புஷ்பவள்ளி: "வணக்கம்மா"ன்னு வாயைத் திறந்தவுடனே.

செல்லப்பன்: லோஷினிகிட்ட சொல்லிடாத, ப்ளீஸ் லா. புள்ள மனசு ஒடிஞ்சா எனக்குத் தாங்காது.

புஷ்பவள்ளி: ஒண்ணும் ஒடியல. இப்பதான் ஃபோன் பண்ணா. மீட்டிங் முடிஞ்சிடுச்சாம். இனிமே அவதானாம்!

செல்லப்பன்: நெசமாவா! எல்லாம் ஐயாசாமி புண்ணியம்!

புஷ்பவள்ளி: ஐயாசாமியும் இல்ல, குப்புசாமியும் இல்ல. குறை சொன்னா முகம் சுளிக்காம உடனே திருத்திக்கிறாளாம். அதுக்காகத்தான் வெச்சுக்கிட்டாங்களாம்.

செல்லப்பன்: யாரு சொன்ன குறைய? அந்தத் தனலெட்சுமி... இரு, இரு. அவளுக்கு எதுக்கு நம்ம புள்ள மேல இவ்வளவு அக்கறை?

புஷ்பவள்ளி: வீட்டுல சொன்னா "சும்மா இருங்கம்மா"ங்கிறா, டிவியில சொன்னா கேக்குறா, நான் என்ன பண்ண? ஏங்க... முப்பது வருஷமா இதே வீட்டுல கத்திக்கிட்டு இருக்கேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசினா பொண்டாட்டி குரல் தெரியாதா உங்களுக்கு?