பின்வார் வச்ச செருப்பு

ராஜாங்கம்: எத்தினி ஆச்சு?

ஜான் பாஷா: எது?

ராஜாங்கம்: நடை, பாய். எண்ணிக்கினே வான்னு சொன்னேன் இல்ல?

ஜான் பாஷா: நூத்தி முப்பது வரைக்கும் எண்ணினேன். அப்பறம் ஒரு லாரிக்காரன் ஆரன் அடிச்சான். விட்டுப்போச்சு.

ராஜாங்கம்: தியாகதுருகத்துலயே பெரிய செருப்புக்கடை. மொதலாளிக்கு நூத்தி முப்பதுக்கு மேல எண்ணிக்க வரல.

ஜான் பாஷா: யோவ்... ஃபஜர் தொழுதுட்டு, ஒரு வாய் தண்ணி கூட குடிக்காம உன் வூட்டு வாசல்ல வந்து நிக்கறேன். மார்கழிப் பனி காத அறுக்குது. எனக்கு இன்னாத்துக்குய்யா இந்த வேல?

ராஜாங்கம்: உனக்கு சக்கரை. உன்னயும்தான் நடக்கச் சொல்லிச்சு டாக்டரம்மா.

ஜான் பாஷா: அத ஏன் இப்ப ஞாபகப்படுத்துற... மெதுவா போ. மெதுவா. எடது காலு இழுக்குது பாரு.

ராஜாங்கம்: இழுக்கல.

ஜான் பாஷா: ரோட்டுல கோடு போட்டுக்கினு வருதுய்யா.

ராஜாங்கம்: அது குளிரு. பாய், ஜெயிலு கேட்டுலேருந்து அந்தக் கம்பி ஜன்னலு வரைக்கும் எத்தினி நடை இருக்கும்?

ஜான் பாஷா: நூறு வாட்டி சொல்லிட்டேன். நாப்பது.

ராஜாங்கம்: உன்னுது குட்ட நடை. எனக்கு முப்பத்தஞ்சுதான் வரும்.

ஜான் பாஷா: இப்ப உனக்கு அறுவது வரும். மொறைக்காதய்யா, சரி சரி. அம்பத்தஞ்சு.

ராஜாங்கம்: கேட்டாண்ட தடிய உங்கிட்ட குடுத்துடுவேன். கைய வீசிக்கினு போவேன். அவன் ஜன்னலுக்கு அந்தாண்டயிலேருந்து பாப்பான். அப்பன் எப்பயும் போலதான் வர்றாருன்னு நெனைக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும்.

ஜான் பாஷா: சொல்லிட்டா இன்னா ராஜாங்கம்? ‘உன்ன ஜீப்புல ஏத்திக்கினு போன மூணாம் நாளு எனக்கு பக்கவாதம் வந்துச்சுடா, எடது பக்கம் இழுத்துக்கினுச்சு, இப்ப தேவல’ன்னு ஒரு வார்த்த...

ராஜாங்கம்: வாணாம்.

ஜான் பாஷா: அவனும் பெரிய பையன்தான. டிகிரி முடிச்சவன்.

ராஜாங்கம்: வாணாம்னா வாணாம் பாய். தன்னாலதான் அப்பனுக்கு வந்துச்சுன்னு நெனைப்பான். உள்ள குந்திக்கினு இருக்கறவனுக்கு வேற இன்னா வேல? அதையே நெனச்சிக்கினு கெடப்பான்.

ஜான் பாஷா: மூணு மாசமா நான் படற பாடு எனக்குதான் தெரியும். சரக்கு எடுக்க கடலூரு போறப்ப எல்லாம் ஜெயிலுல மனு போட்டு அவன பாக்கறேன். போனதும் மொத கேள்வி, ‘அப்பா ஏன் வரல?’ நெல்லு அறுப்புன்னேன். அடுத்த வாட்டி மல்லாட்டை புடுங்குறாருன்னேன். அதுக்கு அடுத்த வாட்டி கரும்பு வெட்டு. இனிமே சொல்றதுக்கு உன் கொல்லையில வெள்ளாமை ஒண்ணும் பாக்கி இல்ல.

ராஜாங்கம்: மரவள்ளி இருக்குது.

ஜான் பாஷா: சிரிக்காத. ‘அப்பாவுக்கு எம்மேல கோவமா மாமா?’ன்னு கேக்கறான்.

ராஜாங்கம்: ...நீ இன்னா சொன்ன?

ஜான் பாஷா: இல்லடான்னேன். அவன் நம்பல.

ராஜாங்கம்: எப்பிடி நம்புவான்? அன்னிக்கு நான் பேசின பேச்சு அப்பிடி. மறியலுக்குப் போகாதன்னு நான் சொல்லல பாய். எட ஒதுக்கீடு எங்களுக்கும் வாணுந்தான். படிச்சிட்டு வேல இல்லாம எத்தினி பசங்க குந்திக்கினு இருக்கானுங்க. ரோட்டுக்குக் குறுக்க போட மரத்த தொடாதன்னுதான் சொன்னேன். கேக்கல. ‘அப்பிடின்னா இந்த வூட்டுப் பக்கமே வராத’ன்னுட்டேன்.

ஜான் பாஷா: கோவத்துல சொல்றதுதான.

ராஜாங்கம்: நான் சொன்ன கடைசி வார்த்த அது. அதுக்கப்பறம் அவன் மூஞ்சிய நான் பாக்கல.

ஜான் பாஷா: நாளைக்குப் பாக்கப் போற. வா... தோ, அவனுங்க வெட்டின மரத்தோட அடிமரம் வந்துடுச்சு. கொளஞ்சி கடையில செத்த குந்தலாம்.

கொளஞ்சியம்மாள்: வாங்க பாய், வாண்ணே. மூச்சு இப்பிடி வாங்குதே, ரெண்டு பேருக்கும்?

ஜான் பாஷா: எனக்கு ஒரு டீ. இவருக்கு வெறும் சுடுதண்ணி.

கொளஞ்சியம்மாள்: சுடுதண்ணியா? நேத்து நாலு போண்டா தின்னுட்டு, தொட்டுக்க ஊறுகா கேட்டாரே!

ஜான் பாஷா: ராஜாங்கம்!

ராஜாங்கம்: பொய் சொல்லுது.

கொளஞ்சியம்மாள்: நான் ஏண்ணே பொய் சொல்றேன்? ‘எம் பொண்டாட்டி கேட்டா சொல்லாத’ன்னு சொன்ன. பாய்கிட்ட சொல்லாதன்னு சொல்லலியே.

ஜான் பாஷா: டாக்டரம்மா இன்னா சொல்லிச்சு? உப்பு, எண்ண, ஊறுகா, கருவாடு... ஒண்ணும் கண்ணுல காட்டக்கூடாதுன்னு சொல்லிச்சா இல்லியா? மறுபடியும் பிரஷரு ஏறிச்சுன்னா நான் தூக்கிக்கினு ஓட மாட்டேன்.

ராஜாங்கம்: நீ தின்னு பாரு அந்தக் கஞ்சிய. கரியாலூரு மலையிலேருந்து எறக்கின சாமை. தெனம் ரெண்டு வேள. ஒரு கல்லு உப்பு கெடயாது. உப்புச் சாடிய ராணி எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு மூணு மாசமா தேடறேன். நாக்கு செத்துப்போச்சு பாய். ஏதாச்சும் ஒண்ணாச்சும் ருசியா இருக்கணும் இல்ல, மனுசனுக்கு?

கொளஞ்சியம்மாள்: பாய், உங்க டீக்கு எப்பயும் போல ரெண்டு கரண்டி சக்கரதான?

ராஜாங்கம்: ஆங்!

ஜான் பாஷா: கொளஞ்சி...

ராஜாங்கம்: எப்பயும் போலயாம்! ரெண்டு கரண்டியாம்! நூர்ஜகான்கிட்ட சொல்லட்டுமா?

ஜான் பாஷா: சொல்லு. நான் ராணியம்மாகிட்ட போண்டா கதைய சொல்றேன்.

ராஜாங்கம்: ...சரி வுடு. குடி. குடிச்சுத் தொல.

கொளஞ்சியம்மாள்: நல்ல ஜோடி நீங்க. நானும்தான் சொல்லணும். மரம் இருந்தப்ப பகல் முச்சூடும் இங்க நெழலு. இப்ப பத்து மணிக்கே சட்டி சுடுது. மறியல் ஏழு நாளும் ஒரு பஸ்ஸு இல்ல, யாவாரம் இல்ல... ஆனாக்க உன் மவன நான் குத்தம் சொல்ல மாட்டேண்ணே. அன்னிக்கு மரம் சாயறப்ப அந்தப் புள்ள கத்தின கத்து இருக்கே...

ஜான் பாஷா: கொளஞ்சி, பாலு பொங்குது பாரு.

கொளஞ்சியம்மாள்: எங்க பொங்குது? இன்னும் காயவே...

ஜான் பாஷா: பொங்குதுன்னா பொங்குது. பாரு.

கொளஞ்சியம்மாள்: ...ம். சரி பாய்.

ராஜாங்கம்: கோஷம்தான் போட்டிருப்பான். தொண்ட அப்பிடி அவனுக்கு. எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணு. பதினாறு பேரு சேந்து வெட்டினானுங்க. ஜீப்பு வெளிச்சம் தெரிஞ்சதும் பதினஞ்சு பேரு ஓடிட்டானுங்க. நைனார்பாளையம் வரைக்கும் ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்கின பையன் மட்டும் மாட்டிக்கினான். ஏன் ஓடல? நாளைக்கு அத கேக்கப்போறேன்.

ஜான் பாஷா: அத கேக்காத.

ராஜாங்கம்: ஏன்?

ஜான் பாஷா: மனு நேரம் கொஞ்சம்தான். நல்ல வார்த்தையா ரெண்டு பேசு.

கொளஞ்சியம்மாள்: அண்ணே... உன் எடது காலு செருப்பு எங்க?

ராஜாங்கம்: இன்னா?

கொளஞ்சியம்மாள்: ஒத்தக் காலுலதான் செருப்பு இருக்குது.

ராஜாங்கம்: அது... கழட்டி வச்சேன்.

ஜான் பாஷா: எங்க வச்ச?

ராஜாங்கம்: இங்கதான்... எங்கனா இருக்கும்.

ஜான் பாஷா: கால தூக்கு.

ராஜாங்கம்: வுடு பாய்.

ஜான் பாஷா: தூக்குய்யா! ...யா அல்லா. ஜல்லி கிழிச்சிருக்கு. ரத்தம். உனக்குத் தெரியவே இல்லியா? தெரியல. செருப்பு கழண்டதும் தெரியல, ஜல்லி குத்தினதும் தெரியல. ஒரு மாசத்துக்கு முன்னாடியே காலுக்கு உணர்ச்சி வந்துடுச்சுன்னு சொன்ன?

ராஜாங்கம்: டாக்டரம்மா எழுதிக்கினே கேட்டுச்சு. ஆமான்னு சொல்லிட்டேன். இல்லன்னு சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மாசம் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கும். பஸ்ஸு ஏத்த மாட்டா ராணி.

ஜான் பாஷா: எத்தினி நாளா இப்பிடி?

ராஜாங்கம்: மொதல்லேருந்தே. முட்டிக்குக் கீழ மரக்கட்டதான் பாய். பாத்து பாத்துதான் வைக்கறேன். இருட்டுல வைக்க முடியாது. பேசிக்கினே நடந்தா மறந்துடுது.

கொளஞ்சியம்மாள்: தண்ணி ஊத்தறேன், கழுவிக்கண்ணே. பாவம்... போண்டாவ பத்தி நான் சொல்லியிருக்கக்கூடாது.

ராஜாங்கம்: நீ இன்னாம்மா பண்ணுவ.

ஜான் பாஷா: குந்து. நகராத. செருப்பு ரோட்டுல எங்க கெடக்குன்னு பாக்கறேன்... வாணாம், வுடு. இந்தப் பையில ஒண்ணு கொண்டாந்திருக்கேன். இத போடு.

ராஜாங்கம்: இன்னா பையி அது? வூட்டுலேருந்து தூக்கிக்கினே வர்ற.

ஜான் பாஷா: உனக்குதான் தெச்சேன். பின்னாடி வார் வச்சது. குதிகாலுக்கு மேல மாட்டிட்டா கழண்டு போகாது.

ராஜாங்கம்: வாணாம் பாய். லீவுக்கு லீவு உன் கடையில குந்திக்கினு இருந்தவன் அவன். காலு மரத்துப்போனவங்கதான் இந்தச் செருப்ப கேட்டு வர்றாங்கன்னு அவனுக்குத் தெரியாதா? கால பாத்ததும் கண்டுபுடிச்சிடுவான்.

ஜான் பாஷா: இப்ப வூட்டு வரைக்குமாச்சும் போடு. வெறுங்காலோட உன்ன கூட்டிக்கினு போனா ராணியம்மா என்ன உறிச்சிடும்.

ராஜாங்கம்: குடு... இது இன்னா பாய், ரெண்டு ஜோடி இருக்குது?

ஜான் பாஷா: மேல இருக்கறது இல்ல. அடியில இருக்கறது உன்னுது.

ராஜாங்கம்: இரு... இது இன்னா, வலது காலுல மட்டும் இம்மாந்தண்டி மேடு? ஒரு பக்கம் ஒசரம், ஒரு பக்கம் பள்ளம்?

ஜான் பாஷா: அது வேற ஆளுக்கு. ஒரு காலு கட்ட, ஒசரம் கொறச்சல். அதான் அடியில ஒரு அட்ட சேத்து தெச்சேன்.

ராஜாங்கம்: எந்த ஊரு ஆளு?

ஜான் பாஷா: கடலூரு பக்கம். நாளைக்குப் போறப்ப குடுக்கணும். அத வைய்யா உள்ள.

ராஜாங்கம்: வயசானவனா?

ஜான் பாஷா: இல்ல... சின்ன வயசுதான்.

ராஜாங்கம்: பாவம். என் அளவுதான் அவனுக்கும்.

ஜான் பாஷா: ...எழுந்திரு. போலாம். கொளஞ்சி, வரோம்.

கொளஞ்சியம்மாள்: பாத்து போங்க. அண்ணே... நாளைக்கு அவன பாத்தா, கொளஞ்சிக்கா கேட்டுச்சுன்னு சொல்லு. மரத்துக்கு எல்லாம் நான் கோச்சிக்கலன்னு சொல்லு.

ராஜாங்கம்: சொல்றேம்மா.

ஜான் பாஷா: எப்பிடி இருக்குது வாரு? கடிக்குதா?

ராஜாங்கம்: கடிச்சா எனக்குத் தெரியவா போவுது? சும்மா சொன்னேன் பாய். சிரி. பிடிமானமாதான் இருக்குது. இருந்தாலும் நாளைக்கு இத போட மாட்டேன். சாதா செருப்புதான். காலப் பாத்துக்கினே நடக்கறேன். முப்பத்தஞ்சு நடைதான.

ஜான் பாஷா: ஜன்னல பாக்காம தரையப் பாத்துக்கினு போவியா? மூணு மாசம் கழிச்சுப் புள்ளய பாக்கப் போறவன்?

ராஜாங்கம்: வேற இன்னா பண்ணச் சொல்ற? எனக்கு அலுத்துப்போச்சு பாய். கஞ்சி குடிச்சு அலுத்துப்போச்சு. நடந்து அலுத்துப்போச்சு. காலையில எழுந்ததும் இந்தக் காலு நம்முதா இல்லியான்னு தொட்டுப் பாத்து அலுத்துப்போச்சு. அந்த ஒரு நாளைக்காகத்தான் இம்மாம் நாளும் பல்ல கடிச்சிக்கினு இருந்தேன். அவன் முன்னாடி நேரா நடந்துட்டு, ‘ஏண்டா ஓடல?’ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு...

ஜான் பாஷா: கேக்காதன்னு சொன்னேன்.

ராஜாங்கம்: ஏன் கேக்கக்கூடாது? நான் அவன் அப்பன். அவன் ஓடியிருந்தா எனக்கு இதெல்லாம் வந்திருக்காது இல்ல?

ஜான் பாஷா: ஓட முடியல அவனால.

ராஜாங்கம்: இன்னா?

ஜான் பாஷா: நில்லு. தடிய ஊனி நில்லு. மரம் சாயறப்ப கெள ஒண்ணு சுத்திக்கினு வந்து வலது காலுல விழுந்துச்சு. எலும்பு ஒடைஞ்சுது. கொளஞ்சி சொல்ல வந்தது அந்தக் கத்துதான். ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாங்க. கூடிடுச்சு. ஆனா... கட்டையா கூடிடுச்சு.

ராஜாங்கம்: எங்கிட்ட ஏன் சொல்லல?

ஜான் பாஷா: எனக்கு சேதி தெரிஞ்சப்ப நீ வாய் கோணி, பேச்சு இல்லாம கெடந்த. பிரஷரு ஏறுற மாதிரி ஒரு சேதியும் சொல்லாதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிச்சு. அப்பறம் சொல்லலாம், அப்பறம் சொல்லலாம்னு...

ராஜாங்கம்: ராணிக்குத் தெரியுமா?

ஜான் பாஷா: தெரியும். ரெண்டு வாட்டி எங்கூட வந்து பாத்துச்சு. உனக்கு மாத்திர வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துச்சு.

ராஜாங்கம்: அந்த மேடு வச்ச ஜோடி...

ஜான் பாஷா: அவனுக்குத்தான்.

ராஜாங்கம்: என்னப் பத்தி... அவனுக்கு?

ஜான் பாஷா: ஒண்ணும் தெரியாது. நெல்லு, மல்லாட்டை, கரும்பு. அவ்ளோதான் தெரியும். போன வாரம் அப்பா வர்றாருடான்னு சொன்னேன். மூஞ்சி தெளிஞ்சுது. அப்பறம் கம்பிகிட்ட வந்து மெதுவா கேட்டான்: ‘மாமா, அப்பா கண்ணுக்கு நொண்டுறது தெரியாத மாதிரி ஒரு செருப்பு தெச்சுக் குடுங்க. தெனம் காலையில செவுத்தோரமா எண்ணிக்கினே நடந்து பழகறேன்’னு. அவன் அறையிலேருந்து அந்த ஜன்னலு வரைக்கும், உள் பக்கத்துலயும் நாப்பது நடைதான்யா.