ஒரு கடி ரொட்டி

முகர்ரம்: …அப்புறம்? பேப்பர்ல வேற என்ன எழுதியிருக்கான்?

ஜாசுர்: விடுங்க பெரியம்மா. ஒருத்தன் படத்தைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறான், இன்னொருத்தன் காறித் துப்புறான்.

முகர்ரம்: எடுத்தவன் நீதானே? துப்பினதைப் படி.

ஜாசுர்: "ராணுவச் சிறை அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது. முடிவு மட்டும் பச்சைப் பொய்." சாக வேண்டிய சிப்பாய் வீட்டுக்கு வந்து ரொட்டி திங்கிறானாம்…

முகர்ரம்: நம்ம மர்கிலான் ஊர்ல பட்டாளத்துக்குப் போற பிள்ளை ரொட்டியை ஒரு கடி கடிச்சுட்டுப் போகும். மிச்சத்தைச் செவத்துல மாட்டி வெப்போம், திரும்பி வந்து திங்க. அவனுக்கு என்ன தெரியும்?

ஜாசுர்: வெளிநாட்டான்.

முகர்ரம்: தூக்கி ஆடினவன்?

ஜாசுர்: அவனும் முடிவைத் திட்டுறான். ஆனா பையன் மென்னான் பாருங்க… அது மட்டும் நிஜமாம். தாடை வலிக்க, கண்ணுல தண்ணி வர.

முகர்ரம்: பாவம், நல்லாத்தான் மென்னான்.

ஜாசுர்: நடிச்ச பையன் எங்கிட்ட சண்டைக்கே வந்துட்டான்! கடை ரொட்டின்னு சொல்லிக் கல்லைக் கொடுத்தேனாம். பல்லு ஆடிப்போச்சாம்.

முகர்ரம்: ஆனா ஒரு துணுக்கு விடல. பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்.

ஜாசுர்: உங்க வீட்ல எடுக்க விட்டதே பெரிசு… ஆமா, செவத்துல அந்த ஆணியைப் படப்பிடிப்புப் பசங்க பிடுங்காமலே போயிட்டானுங்களா?

முகர்ரம்: அது உன் பசங்க அடிச்சதில்ல. டீ ஆறுது, குடி… நான் தினம் தியேட்டருக்குப் போறேன், தெரியுமா?

ஜாசுர்: தினமுமா!

முகர்ரம்: படத்தோட கடைசிக் காட்சிக்கு மட்டும். சிறையில என் பிள்ளை இல்யோஸை என்ன பண்ணிக் கொன்னாங்கன்னு உன் படம் வந்தா எனக்குச் சொல்லணும்? அந்தப் பையன் வீட்டுக் கதவைத் திறக்கிற நேரத்துக்கு உள்ள போவேன். டிக்கெட் கிழிக்கிற பொண்ணு விட்டுடுவா.

ஜாசுர்: பெரியம்மா…

முகர்ரம்: சொல்லு. வந்ததிலேருந்து முழுங்கிக்கிட்டே இருக்கே.

ஜாசுர்: இனிமே போகாதீங்க. முடிவை… வெட்டிட்டேன். அவன் சிறையிலேயே செத்துடுறான். இன்னிலேருந்து அதான் ஓடும்.

முகர்ரம்: கோப்பையை இப்படிக் கொடு.

ஜாசுர்: கோப்பையை நிரம்ப ஊத்துறீங்க… நம்ம ஊர் வழக்கப்படி கிளம்புன்னு சொல்றீங்க. திட்டவாவது செய்ங்க! ஒரு கடை ரொட்டி, அவ்வளவுதானே பெரியம்மா?

முகர்ரம்: கடை ரொட்டியைப் படம் எடுத்த அன்னிக்கே நான் தின்னுட்டேன் தம்பி. இந்த ஆணியையே தனியா பார்த்துக்கிட்டுக் கிடக்க முடியல… யாரோ ஒரு பிள்ளையாவது வாசல் வழியா வந்து தின்னு முடிக்கட்டும்னு மாத்தி வெச்சேன். அவன் தின்னது என் இல்யோஸ் கடிச்சு வெச்சுட்டுப் போன ரொட்டி.